பண்டகசாலைத் தெருவில் தண்ணீர் எவ்வளவு

முதலில் கேட்டது சத்தம்தான். சளப், சளப் என்று, கட்டிப்போட்ட தோணியின் அடிவயிற்றைத் தண்ணீர் தட்டுகிற சத்தம். ஐஸ் கம்பெனியில் ராக்காவல் முடித்து வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டி, காலை பத்து மணியை நடுராத்திரி என்று தன் உடம்புக்குச் சொல்லி நம்பவைக்கப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார், ஒருக்களித்துப் படுத்தபடி அதைக் கேட்டார். கடல் தெருமுனைக்கு அப்பால் அரை மைல் தள்ளிக் கிடந்தது. பண்டகசாலைத் தெரு கடல்தண்ணீரைப் பார்த்து நூற்றைம்பது வருஷம் இருக்கும். தூக்கம் கெட்டவன் காதில் எதுதான் கேட்காது என்று புரண்டு படுக்கப் போனபோது, ஒரு பெண்ணின் குரல் வேற்றூர்ப் பேச்சில் அலறியது.

"ஏனுங்க, பிரேக்கப் புடிங்க!"

"புடிச்சுட்டுத்தான் இருக்கறன், நீ கம்முனு இரு!"

கஸ்பார் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். திருப்பூரிலிருந்து வந்த நீலக் கார் ஒன்று, தார் ரோட்டுக்கு ஒன்றரை அடி மேலே, பக்கவாட்டில் மெல்ல ஆடியபடி மிதந்துகொண்டிருந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. ரோடு மட்டும் காய்ந்து கிடந்தது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்ற எஸ்கலின், இவரைப் பார்த்ததும், "ஒரு மணி நேரமாச்சி கஸ்பாரண்ணே, கெழக்க போவுது, மேக்க வருது, இவிய என்னத்தயோ தொலைச்சிட்டுத் தேடுதாவன்னு நெனச்சேன்" என்றாள்.

கார்க்காரர் ஜன்னல் வழியாக ஒரு வழவழப்பான தாளை நீட்டினார். "நாங்க இதுல போட்டபடிதானுங்க வந்தோம்."

அந்தத் தாளில்தான் எல்லாம் இருந்தது. சுற்றுலாவை வளர்ப்பதற்கென்று எங்கிருந்தோ கிளம்பி வந்த ஓர் அமைப்பு, பவளத்துறை என்கிற பழைய துறைமுக ஊரைப் பன்னிரண்டு நிறுத்தங்களாகப் பிரித்து, கோட்டைவாசல் ஒன்று, டச்சுக்காரர் கல்லறை இரண்டு, சுங்கச்சாவடி மூன்று, பண்டகசாலைத் தெரு நான்கு என்று நீலப் பலகை நட்டு, பலகையின் க்யூஆர் கட்டத்தை போனில் பிடித்தால் ஒரு பெண்குரல் சரித்திரம் சொல்லும்படியும் செய்து, தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: உங்கள் காரில், உங்கள் வேகத்தில். வழிகாட்டி தேவையில்லை.

அதைப் படித்த உடனேயே கஸ்பாருக்குக் கோளாறு புரிந்துவிட்டது. பவளத்துறைக்குப் பாய்மரக் கப்பல்கள் வந்த காலத்தில், போர்த்துகீசியன் வந்தாலும் டச்சுக்காரன் வந்தாலும் கோழிக்கோட்டு வியாபாரி வந்தாலும், உள்ளூர்த் தண்டல் ஒருவன் ஏறாமல் எந்தக் கப்பலும் துறைக்குள் நுழைந்ததில்லை. தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவன். தண்ணீருக்கு அடியில் எந்தத் திட்டு எங்கே படுத்திருக்கிறது என்று உள்ளங்காலில் தெரிந்தவன். அவன் வந்து ஏறும்வரை கப்பல் வெளியே ஆடிக்கொண்டு நிற்கும். பிறகு துறை தூர்ந்தது, மணல் மேடானது, மேட்டில் பண்டகசாலை வந்தது, பண்டகசாலை இடிந்து தெரு வந்தது, கப்பல்கள் வடக்கே வேறு துறைமுகம் தேடிப் போயின. ஆனால் தூர்ந்துபோனது துறைதானே ஒழிய வழக்கம் இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

கஸ்பாரின் அப்பா லாசர் தண்டல். அவருக்கு அப்பாவும் தண்டல். சின்னப் பிள்ளையில் காதில் விழுந்தது நாக்கில் தானாக வந்தது. கார்க் கதவில் கை வைத்து, "எந்தத் துறை? என்ன சரக்கு? எத்தன உசுரு?" என்று கேட்டார்.

"திருப்பூருங்க. பனியன் சாம்பிள் கொஞ்சம் கெடக்குதுங்க டிக்கியில. உசுரு ரெண்டுங்க."

கஸ்பார் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கித் தாரில் சக்கரம் பதித்தது. அந்த அம்மாள் குங்குமத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். பன்னிரண்டாவது நிறுத்தமான லைட்டவுஸ் வரை கஸ்பார் கூடவே போய், ஊர் எல்லையில் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் மூன்று கார் மிதந்தது. அதற்கு மறுநாள் ஒரு வேன்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை; அதற்கு நேரம் இல்லை, வேலை இருந்தது. போக்குவரத்துக் காவலர் வந்து பார்த்து, சக்கரம் ரோட்டைத் தொடாத வண்டி தன் பொறுப்பில் வராது என்றார். கடலோரக் காவலர் வந்து பார்த்து, கீழே தண்ணீர் இல்லாத படகு தன் பொறுப்பில் வராது என்றார். இருவரும் எஸ்கலின் வீட்டு வாசலில் டீ குடித்துவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். மாதா கோயிலில் சாமியார் பூசை முடிந்ததும் இதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சப்பரம் வரும் நாளில் மிதக்கிற கார்களைத் தெருவுக்குக் குறுக்கே விடாமல் ஓரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்வது என்ன லேசா? முதல் வாரத்தில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தவர்கள் கையோடு பம்பர்தான் வந்தது.

யார் ஏறுவது என்பதில்தான் சண்டை வந்தது. காலங்காலமாக வெளியூர்க்காரர்களைச் சுமப்பது தாங்கள்தான் என்று ஆட்டோக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். இலங்கைக்குத் தோணி ஓட்டிய வாப்பாவின் மகனான தையல்கடை சேகு நெய்னா தன் கடைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு பட்டியல் எழுதினார். அப்பனோ பாட்டனோ தண்டலாக இருந்தவர்கள் முறைவைத்து ஏற வேண்டும். அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது ஆட்டோக்காரர்கள் பாடு. பட்டியலுக்குப் பக்கத்தில் அன்றன்றைய கடல் ஏற்றவற்றமும் எழுதிவைத்தார், ஏனென்றால் ஏற்றத்தில் கார்கள் இரண்டு அடி மிதந்தன, வற்றத்தில் அரை அடி மிதந்து கிழக்கே இழுத்துக்கொண்டு போயின.

"என் பேரு எங்க நெய்னா காக்கா?" என்று எஸ்கலின் கேட்டாள். "எங்கய்யாவும் தண்டல்தான."

"பொம்பளய கப்பல்ல ஏத்துன வழக்கம் இல்லியம்மா."

"இது காரு."

"காருன்னா ஏன் மெதக்கு?"

"கப்பல்னா ஏன் ஹாரன் அடிக்கு? எழுதும்."

நெய்னா எழுதினார்.

வெளியூர்க் கப்பலின் தலைவனுக்கு ஒரு உரிமை உண்டு. தண்டல் மூன்று கேள்வி கேட்ட பிறகு, அவன் தண்டலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எந்தக் காலத்திலும் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: தண்ணீர் எவ்வளவு? அதற்குத் தண்டல் பொய் சொல்லக்கூடாது. கார்களுக்கும் அதே வழக்கம்தான் என்பது நெய்னாவால் தெரிந்தது. மதுரைக்காரர் ஒருவர், "பாய், இங்க பிரியாணி எங்க நல்லாருக்கும்?" என்று கேட்க, நெய்னா தன் மச்சான் கடையைச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கார் இறங்கவில்லை. இறங்கி மறுபடி ஏறினார். இறங்கவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்க்க, பத்து நிமிஷம் ஆடிக்கொண்டிருந்த பிறகு நெய்னா தலையைக் குனிந்து, "அது நேத்து வச்சது, சூடு பண்ணித் தாரான்" என்றார். கார் இறங்கியது. மச்சான் மூன்று மாதம் பேசவில்லை.

அதன் பிறகு பட்டியலில் இருந்தவர்கள் பெரிய ஏற்றத்தைவிட அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தார்கள். வந்தவர்களுக்கு அது தெரியாது; அவர்கள் பாட்டுக்கு, இங்கே பாம்பு உண்டா, இந்தக் கோட்டையில் உண்மையிலேயே ராணி இருந்தாளா என்றெல்லாம் கேட்டார்கள். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாள் எஸ்கலினிடம், "ஏங்க, நான் குண்டா இருக்கேனா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு எஸ்கலின் ஏறினாள். அவ்வளவு பதமாக வேறு எந்தக் காரும் இறங்கியதில்லை என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு கார்தான் போய்விட்டது. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் நாலு பேர் வற்றத்தில் வந்து மாட்டி, தண்டல் வரும்வரை பொறுக்காமல் ஜன்னல் வழியாகக் குதித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, ஆளில்லாத கார் தெருமுனையைக் கடந்து, மணலைக் கடந்து, கடலில் இறங்கிக் கிழக்கே போயிற்று. மூன்றாம் நாள் வலைக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள், கரையே தெரியாத தூரத்தில், இடது பக்கம் திரும்பப் போவதாக விளக்கு மினுக்கிக்கொண்டே மிதந்துகொண்டிருந்ததாம்.

கஸ்பாருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. காரில் ஏறினால் அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குச் சொல்வார், மற்றபடி கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வருவார், தானும் இந்த ஊருக்குப் புதிதாக வந்தவன்போல. அப்பா செத்து ஒன்பது வருஷமாகியிருந்தது. அதற்கு முந்தின ஆறு வருஷம் அவர் வாதம் வந்து கிடந்தார். கல்யாணம் கட்டாத கஸ்பார் பகலில் அவரைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் ராக்காவலுக்குப் போனார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போன பிறகும் பகல்தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. கார்கள் மிதக்கத் தொடங்கிய பிறகு, முறை முடிந்து வந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டையாகத் தூங்கினார்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபோது, நெய்னா சுவரைப் பார்த்து, "கஸ்பாரு, ஒம்ம முறை" என்று குரல் கொடுத்தார். மூன்றாவது பலகையைத் தாண்டி ஒரு வெள்ளைக் கார் வந்தது. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் பயிற்சி வண்டி என்று ஒட்டியிருந்தது. கூரைமேல் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பெயர், பொள்ளாச்சி என்ற ஊர். ஓட்டிவந்தது ஒரு பெண். வேறு ஆள் இல்லை. நான்காவது பலகையருகே வந்ததும் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. அந்தப் பெண் மற்றவர்களைப்போல அலறவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அவள் நிமிர்ந்தபோது எஸ்கலின்தான் முதலில் கண்டுகொண்டாள். "ஏட்டி ரெஜி! அண்ணே, ஒம்ம தங்கச்சிலா!"

ரெஜினா கதவைப் பூட்டினாள். நான்கு கதவிலும் டக் என்று சத்தம் கேட்டது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பொள்ளாச்சிப் பக்கத்து லேத் மெக்கானிக் ஒருவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு போனவள் அவள். இந்த வாசலை இனி மிதிக்கக்கூடாது என்று லாசர் தண்டல் சொன்னதும், அவள் மிதிக்காததும் ஊருக்குத் தெரியும். அவர் செத்தபோது அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை என்பதும் தெரியும். 'எனக்கு அப்படி ஒரு பிள்ளை இல்லை, சொல்லாதேன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்' என்று கஸ்பார் சொல்லியிருந்தார். பதினாறாம் நாள் யார் மூலமோ கேள்விப்பட்டு அவள் போன் பண்ணினாள். கஸ்பார் அதையேதான் அவளுக்கும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

கார் கிழக்கே நகரத் தொடங்கியது. கஸ்பார் செருப்போடு தாரில் அதன் பக்கத்திலேயே நடந்தார்.

"கதவத் தொற ரெஜி."

அவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள். "நான் யாரையும் ஏத்த மாட்டேன். வழிகாட்டி தேவையில்லன்னு போட்டிருக்கு."

"வெளயாடாத. வத்தம் இழுக்கு."

"இழுக்கட்டும். பேப்பர்ல பாத்தேன், வெளியூருக் காருதான் மெதக்கும்னு. என்னயத் தூக்குதான்னு பாக்கதுக்குத்தான் எட்டு மணி நேரம் ஓட்டி வந்தேன். தூக்கிருச்சுல்லா. நீ சொன்னதையே இந்தத் தெருவும் சொல்லிட்டு, நான் வெளியூருன்னு. அப்புறம் என்ன?"

எஸ்கலின் மறுபக்கம் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். "ஏட்டி, கோட்டி புடிச்சவளே, கையில தாளப் புடிச்சிக்கிட்டு டூரிஸ்ட்டு மாதிரி வந்தா தெரு என்ன செய்யும்? எங்க வீட்டு வாசல்ல வண்டிய நிப்பாட்டி அக்கா ஒரு வாய் தண்ணி தான்னு கேட்டிருந்தா மெதந்திருக்குமா?"

"நீங்க போங்கக்கா."

"போறேன், நீ கடலுக்குப் போ! பொள்ளாச்சிக்கு நாங்க என்ன சொல்லுதது?"

சேகு நெய்னா தையல் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே பின்னால் ஓடிவந்தார். "கஸ்பாரு, முறையாக் கேளும். முறையாக் கேட்டாப் பதில் சொல்லித்தான் ஆவணும். அவளும் தண்டல் மகதான்."

தெருவில் இருபது வீடு மிச்சம் இருந்தது. கஸ்பாருக்குத் தன் குரலே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"எந்தத் துறை?"

ரெஜினா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வீடு போனபின் சொன்னாள். "பொள்ளாச்சி."

"என்ன சரக்கு?"

"ஒரு தண்ணிப் பாட்டில். ரெண்டு பன்னு. ஒரு கட்டு மெழுகுவத்தி."

"எத்தன உசுரு?"

"ஒண்ணு." பிறகு தலையைத் திருப்பி, அன்றைக்கு முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "இப்ப நான் ஒண்ணு கேக்கலாம்லா?"

கஸ்பார் நடந்துகொண்டே இருந்தார். எட்டு வீடு மிச்சம்.

"சாவதுக்கு முன்னால அப்பா என்னயக் கேட்டாரா?"

பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. கார்களில் ஏறிய இந்த ஐந்து மாதமும் கஸ்பார் பிரியாணியைப் பற்றியோ பாம்பைப் பற்றியோ ஒரு பொய் சொன்னவரில்லை. ஒன்பது வருஷமாக ஒரே ஒரு பொய்தான் அவரிடம் இருந்தது. அதைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது தேய்ந்து, மழமழவென்று, உண்மையைப்போலவே கைக்கு அடக்கமாகிவிட்டிருந்தது.

"கேக்கல" என்றார்.

ரெஜினாவின் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. அவள் எதிர்பார்த்தது அதைத்தான். அதைக் கேட்டு முடித்துவிட்டால் போதும் என்றுதான் வந்திருந்தாள்போல. கையை நீட்டி இடதுபக்கக் கதவின் பூட்டை எடுத்துவிட்டாள். "ஏறு" என்றாள்.

கஸ்பார் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பயிற்சி வண்டியானதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருந்தன. கார் இறங்கவில்லை.

சளப், சளப் என்று அடியில் தண்ணீர் தட்டியது. கடைசி வீடு போயிற்று. தார் முடிந்து மணல் வந்தது. வெளியே எஸ்கலின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பதும், நெய்னா இரண்டு கையாலும் எதையோ கீழே அமுக்குவதுபோல் சைகை காட்டுவதும் கண்ணாடியில் தெரிந்து சிறுத்துக்கொண்டே போயின. கஸ்பார் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். அது எதையும் பிடிக்கவில்லை.

"அண்ணே" என்றாள் ரெஜினா. மெதுவாக, பிள்ளைகளுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். "காரு எறங்கலயே."

காய்ந்துகொண்டிருந்த வலைகளுக்கு மேலே அவர்கள் போனார்கள். ஈர மணலில் நண்டுகள் ஒதுங்கி வழிவிட்டன.

"கேட்டாரு" என்றார் கஸ்பார். சொன்ன பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "மூணு தடவ கேட்டாரு. சாவுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன, மத்தியானம் கஞ்சி குடுக்கும்போது, ரெஜிக்குப் போன் பண்ணு, வரச் சொல்லுன்னாரு. வாய் கோணலாத்தான் வந்துச்சு, ஆனா எனக்கு வெளங்கிச்சு. நான் சரின்னேன். போன எடுத்துக்கிட்டு வெளிய வந்து சும்ம நின்னுட்டு உள்ள போனேன். சொல்லியாச்சு, பொறப்பட்டுட்டா, ரயில்ல வந்துக்கிட்டிருக்கான்னேன். ஆறு வருசம் நான் தூக்குனேன், கழுவுனேன், பொரட்டிப் போட்டேன். என் பேரச் சொல்லி ஒருநா கூப்பிட்டதில்ல, ஏலேன்னுதான் கூப்புடுவாரு. கடைசில வாயில ஒன் பேரு இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல ரெஜி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

கார் தொப்பென்று விழுந்தது. முன்சக்கரம் இரண்டும் நிஜத் தண்ணீரில் இருந்தன. ஒரு சின்ன அலை வந்து நம்பர் பலகையைத் தொட்டுவிட்டுப் போயிற்று. எஞ்சின் அணைந்திருந்தது.

"மூணு தடவன்னியே" என்றாள் ரெஜினா.

"மறுநாக் காலையில வந்துட்டாளான்னு கேட்டாரு. லேட்டா ஓடுதுன்னேன். சாயங்காலம் மணியாச்சி தாண்டிட்டாளான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"தாண்டிட்டான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

கஸ்பார் முன்னால் இருந்த கடலைப் பார்த்தார். "அப்ப ஒரு மணி நேரத்துல வந்துருவான்னாரு. நல்ல சட்டையாப் போட்டுவிடுலேன்னாரு."

"போட்டுவிட்டியா?"

"போட்டுவிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அடிப்பாள் என்றும் நினைத்தார், அதற்குத் தோதாகக் கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்தார். அவள் ஸ்டியரிங்கின்மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அலை வந்து போனது.

"எறங்கு" என்றாள்.

"கப்பலக் கட்டுதவரைக்கும் தண்டல் எறங்கக்கூடாது. எறங்குனா மறுபடி மெதக்கும். இங்க மெதந்தா நேரே உள்ளதான்."

அவள் அவரைத் திட்டினாள். பொள்ளாச்சியில் படித்த வசவு ஒன்றும் பவளத்துறை வசவு இரண்டும் அதில் இருந்தன. பிறகு சாவியைத் திருப்பி, பின்கியரைப் போட்டு, மணலில் சக்கரம் புதையாமல், கைதேர்ந்தவள் செய்கிற மாதிரி ஒரே வளைவில் காரைத் திருப்பித் தெருவுக்குக் கொண்டுவந்தாள். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். காருக்குள் பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்காது, ஆனால் கார் எப்போது இறங்கவில்லை, எப்போது இறங்கியது என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். நெய்னா திரும்பிக் கடைக்குள் போனார். எஸ்கலின் மட்டும் கஸ்பாரைக் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்தாள். இனி அவர் வீட்டுக்கு மீன் போகுமா என்பது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

அதன் பிறகு ரெஜினா தாளில் இருந்தபடியே ஓட்டினாள். ஐந்தாவது நிறுத்தத்தில் நின்றாள், போனைக் காட்டினாள், பெண்குரல், இந்தப் பீரங்கி ஒருபோதும் சுடப்படவில்லை என்றது. ஆறாவதில் கிராம்பு மூட்டைகளைப் பற்றிச் சொன்னது. ஏழாவது நிறுத்தம் அவர்கள் இருவரும் படித்த பள்ளிக்கூடம்; அதன் சுவர்கள் பவளப்பாறையால் கட்டப்பட்டவை என்றும், அதன் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் அந்தக் குரல் சொல்ல, அவள் முழுவதும் கேட்டாள். கஸ்பாரின் காலடியில் இருந்த பிரேக்கும் கிளட்ச்சும் அவள் மிதிக்கும்போதெல்லாம் தாமாகக் கீழே போய் வந்தன. பன்னிரண்டாவது நிறுத்தத்தில் லைட்டவுஸைச் சுற்றி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் நின்றாள்.

"எங்க வச்சிருக்கிய அவர?"

"கல்லறைத் தோட்டத்துல. மேக்கு மதிலு ஓரம், அம்மாக்குப் பக்கத்துல. பேரு வச்ச கல்லு இருக்கு."

அது தாளில் இல்லாத இடம். வழி கேட்காமலே போனாள். வாசலில் காரை நிறுத்தி, மெழுகுவத்திக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, கஸ்பார் கதவில் கை வைத்ததைப் பார்த்து, "நீ வராத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கப்பல் கட்டியாயிற்று என்று கஸ்பாரும் இறங்கினார். மிதந்த கார்களை நல்ல தண்ணீரில் கழுவித்தான் அனுப்ப வேண்டும். விட்டால் ஒரு வாரத்தில் உப்பு அரித்துவிடும், அதுவும் ஏறிய தண்டலின் பாடுதான். கல்லறைக் காவலாளியின் வாளியையும் குவளையையும் வாங்கிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் கழுவினார். குனிந்து அடிப்பக்கம் கைபோகிறவரை ஊற்றினார். இடது பின்சக்கரத்தில் ஒரு கடற்பாசித் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். எடுத்தது தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே மதிலுக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். காற்றுக்கு மெழுகுவத்தி நிற்காமல் தீப்பெட்டியை மறுபடி மறுபடி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ரெஜினா வெகுநேரம் கழித்து வந்தாள். முழங்காலில் சேலை செம்மண்ணாக இருந்தது. கண்ணும் அப்படித்தான். அவரைக் கடந்து போய்க் கதவைத் திறந்து, பன் ஒன்றைப் பிரித்து, பாதியைக் கடித்துக்கொண்டு காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். புதிதாக ஓட்டக் கற்பவர்கள் வண்டி எடுக்கும் முன் அவள் நடக்கச் சொல்லிக்கொடுப்பது அப்படித்தான் இருக்கும். கஸ்பார் குவளையோடு நிமிர்ந்து, எதையாவது சொல்வாள் என்று நின்றார். நான்காவது மூலையில் நின்று கீழே பார்த்தாள்.

"வலது பக்கம் பின்னால விட்டுட்ட" என்றாள்.

கஸ்பார் வாளியை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து, குவளையில் தண்ணீரை மொண்டார்.